ஊறுகாய்ப்புல்

மாடு என்னும் சொல்லுக்குத் தமிழில் செல்வம் என்பதும் ஒரு பொருளாகும். திருவள்ளுவரும் அச்சொல்லை அப்பொருளில் ஆண்டுள்ளார். பகைவர் ஆனிரையைக் கவர்தலை வெட்சி என்றும், அதனை மீட்டலைக் கரந்தை என்றும் வகுத்துப் போரின் தொடக்கத்தையே ஆநிரையோடு பொருத்திக் கண்டவர் நம் முன்னோர். ஆயினும், செல்வம் என்று பெயரிட்டு அழைத்தலால் மட்டும் மாடு செல்வமாகிவிடுமோ? நாள்தோறும் வயிறார உண்ணும் பசுவே பால் தரும். பால் தரும் பசுவே செல்வமாகும். எனவே, பசுவைப் பற்றிப் பேசப் புகுவோர் முதலில் அதன் உணவைப் பற்றிப் பேசுதலே முறையாகும்.

தேவை

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில், வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் புதுவாயல் என்னும் ஊர் இருக்கிறது. ஆரணியாறு பாயும் வட்டாரம் அது. ஒருபுறம் நெல் வயல்கள். மற்றொருபுறம் கும்மிடிப்பூண்டி வரையில் தொடர்ந்து எழுந்துள்ள தொழிற்சாலைகள். வயலும் ஆலையும் இவ்வாறு அடுத்தடுத்து நிற்கும் இடங்களில் கால்நடைகளுக்கு ஒரு புதிய இடர்ப்பாடு தோன்றியிருக்கிறது. முன்னாளில் ஊருக்கு ஊர் மேய்க்கால் நிலம் இருந்தது. காலையில் அவிழ்த்துவிட்ட மாடு மாலையில் வயிறு நிறைந்து வீடு திரும்பும். இந்நாளில் அந்நிலங்கள் சுருங்கிவிட்டன. கும்மிடிப்பூண்டி வட்டத்தைச் சேர்ந்த தேர்வாய்க்கண்டிகையில் மேய்க்காலாக இருந்த ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம், 2007-ஆம் ஆண்டினை ஒட்டித் தொழிற்பூங்காவிற்கென ஒதுக்கப்பட்டது. ஆலைகளால் வேலை கிடைக்கிறது என்பது உண்மை. மேய்ச்சல் நிலம் குறைந்தது என்பதும் உண்மையே. நிலமில்லாத ஏழைக் குடும்பங்கள் ஒன்றிரண்டு பசுக்களைக் கொண்டே பிழைப்பதனால், இக்குறை அவர்களையே முதலில் தாக்குகிறது.

மேய்க்கால் குறைந்தமையோடு பருவத்தின் வேறுபாடும் சேர்ந்து கொள்கிறது. இவ்வட்டாரத்திற்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் வடகிழக்குப் பருவமழை மிகுதியாகக் கிடைக்கிறது. அக்காலத்தில் வரப்பெல்லாம் புல். வாய்க்கால் கரையெல்லாம் பசுமை. மாடு உண்டது போக மிஞ்சுவது மிகுதி. ஏப்ரல், மே, ஜூன் திங்களிலோ மண் வெடித்துக் கிடக்கும். பசும்புல்லைக் காண்டல் அரிது. அப்போது மாட்டிற்கு வைக்கோலே துணை. வைக்கோல் வயிற்றை நிரப்பும். ஆனால் அதிலுள்ள புரதம் நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பங்கே ஆகும். பால் குறைவதற்கும், பசு மெலிவதற்கும், சினைப்பருவம் தள்ளிப்போவதற்கும் இதுவே பெருங்காரணம்.

மிகுந்த காலத்துப் பொருளை அரிய காலத்திற்குச் சேமித்து வைத்தலே இதற்கு வழி. நெல்லைக் குதிரில் இடுகிறோம். புளியைப் பானையில் அடைக்கிறோம். மாங்காயை ஊறுகாயாக்கி ஆண்டு முழுவதும் உண்கிறோம். புல்லை மட்டும் சேமித்தல் இயலாதா? வெயிலில் உலர்த்திச் சேமிக்கலாம் எனின், புல் மிகும் காலமே மழைக்காலமாக இருக்கிறது. உலர்த்த வெயில் இல்லை. உலர்த்த இயலாத பொருளை ஊறவைத்துக் காத்தல் நம் வீட்டுப் பெண்மணிகள் நன்கறிந்த கலை. அக்கலையைப் புல்லுக்குப் பொருத்துவதே ஊறுகாய்ப்புல் ஆக்கும் முறையாகும். இதனைச் சைலேஜ் என்றும், பதனப்புல் என்றும் வழங்குவர்.

மேனாட்டார் முயற்சி

நிலத்தில் குழி வெட்டித் தானியத்தை அடைத்து வைத்தல் பல நாடுகளில் இருந்த பழைய வழக்கமே. பசும்பயிரை அவ்வாறு அடைத்துக் காக்கும் முறையை விரிவாக ஆராய்ந்து நூலாக எழுதியவருள் சிறந்தவர் பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஆகுஸ்த் கொஃபார் என்பவர். அவர் மக்காச்சோளத்தை நறுக்கிக் குழியில் அழுத்தி மூடிக் காத்த முறையைப் பற்றி 1877-ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். அந்நூல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு அமெரிக்க உழவரையும் எட்டியது.

பின்லாந்து நாட்டில் பனிக்காலம் நீண்டது. அப்போது மாடுகள் கொட்டிலை விட்டு வெளியே வருதல் இயலாது. நமக்குக் கோடை எவ்வாறோ, அவர்க்குப் பனிக்காலம் அவ்வாறே. அந்நாட்டுப் பால் கூட்டுறவு அமைப்பின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஆர்த்துரி விர்த்தனென் என்னும் வேதியியல் அறிஞர், பசும்புல் ஏன் கெடுகிறது என்று ஆராய்ந்தார். புல்லின் அமிலத்தன்மை ஒரு குறிப்பிட்ட அளவினை விரைந்து எட்டிவிட்டால், அதனைக் கெடுக்கும் நுண்ணுயிர்களின் செயல் அடங்கிவிடும் என்று கண்டார். ஆகவே, புல்லின்மேல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் கந்தக அமிலத்தையும் நீரில் கலந்து தெளிக்கும் முறையை வகுத்தார். அம்முறை அவர் பெயரின் முதலெழுத்துகளால் ஏ.ஐ.வி. முறை என்று வழங்கலாயிற்று. 1945-ஆம் ஆண்டில் வேதியியலுக்குரிய நோபெல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. மாட்டுத் தீவனத்தைக் காக்கும் முறை உலகின் மிகவுயர்ந்த பரிசொன்றிற்கு உரியதாயிற்று என்பது நாம் எண்ணி மகிழத்தக்கது.

ஆனால், அவ்வமிலங்கள் கையைச் சுடும், கருவிகளை அரிக்கும். அமிலத்தை வெளியிலிருந்து ஊற்றாமல், புல்லுக்குள்ளேயே உண்டாகுமாறு செய்தல் இயலாதா? இயலும். அப்பணியைச் செய்வதற்கென்றே கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் பல இருக்கின்றன. அவை யாவை, எவ்வாறு தொழில் புரிகின்றன என்பதை இனிக் காண்போம்.

புல் ஊறும் வகை

அறுத்த புல் அப்பொழுதே இறந்துவிடுவதில்லை. அதன் உயிரணுக்கள் சில மணி நேரம் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். அவை காற்றிலுள்ள ஆக்ஸிஜனை உட்கொண்டு, தம்மிடமுள்ள சர்க்கரையை எரித்து, கரியமில வாயுவையும் வெப்பத்தையும் வெளியிடும். புல்லைக் குவித்து வைத்தால் உட்புறம் சுடுவது இதனாலேயே. இவ்வாறு எரியும் ஒவ்வொரு துளிச் சர்க்கரையும் நமக்கு இழப்பாகும். ஏனெனில், அமிலத்தை ஆக்குதற்குரிய முதற்பொருள் அச்சர்க்கரையே. ஆகவே, புல்லை விரைந்து நறுக்கி, இறுக மிதித்து, காற்றை வெளியேற்றி மூடிவிடுதல் வேண்டும்.

உள்ளிருக்கும் காற்றுத் தீர்ந்தபின், காற்றின்றியும் வாழவல்ல நுண்ணுயிர்கள் தொழிலைத் தொடங்குகின்றன. அவற்றுள் தலையாயது லாக்டிக் அமிலத்தை ஆக்கும் பாக்டீரியாக் கூட்டம். பாலைத் தயிராக்கும் கூட்டமும் இதுவே. மாவைப் புளிக்க வைப்பதும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே. இப்பாக்டீரியாக்கள் புல்லின் சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தை வெளியிடுகின்றன. அமிலம் பெருகப் பெருகப் புல் புளிக்கிறது.

புளிப்பை அளக்க அறிவியலார் ஓர் எண்ணைப் பயன்படுத்துவர். தூய நீருக்கு அவ்வெண் 7 ஆகும். எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். ஓர் எண் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு மிகுந்தது என்று பொருள். நல்ல ஊறுகாய்ப்புல்லின் எண் 4-ஐ ஒட்டி இருக்கும். அஃதாவது, தூய நீரைவிட அதில் அமிலத்தன்மை ஆயிரம் மடங்கு மிகுதி. அந்நிலையில் கெடுக்கும் உயிர்கள் தலையெடுப்பதில்லை. நாளடைவில் அமிலத்தை ஆக்கிய பாக்டீரியாக்களும் ஓய்ந்துவிடுகின்றன. காற்றுப் புகாத வரையில் புல் அந்நிலையிலேயே பல திங்கள் நிற்கும்.

இவற்றிற்குப் பகையான கூட்டமும் ஒன்று உண்டு. அதனைக் குளாஸ்டிரிடியம் என்பர். அது மண்ணில் வாழ்வது. ஈரம் மிகுந்த, புளிப்புக் குறைந்த இடத்தை விரும்புவது. அது செய்யும் தீமை வியப்பிற்குரியது. நன்மை செய்யும் பாக்டீரியா அரும்பாடுபட்டு ஆக்கிய லாக்டிக் அமிலத்தையே அது உணவாகக் கொள்கிறது. இரண்டு பங்கு லாக்டிக் அமிலத்தை அழித்து ஒரு பங்கு பியூட்டிரிக் அமிலத்தை ஆக்குகிறது. இப்புதிய அமிலம் வலிமை குறைந்தது. ஆதலால் புளிப்புத் தணிகிறது. அதனால் அப்பகைக் கூட்டம் மேலும் பெருகுகிறது. இறுதியில் குழியைத் திறந்தால் அழுகிய வெண்ணெயின் நாற்றம் வீசும். மாடு அதனை முகர்ந்தவுடன் தலையைத் திருப்பிக் கொள்ளும்.

ஆகவே, ஊறுகாய்ப்புல் ஆக்குதல் என்பது இரு கூட்டங்களுக்கிடையே நிகழும் ஓட்டப் பந்தயம் போன்றது. நற்கூட்டம் முந்தினால் தீவனம். தீக்கூட்டம் முந்தினால் எரு. நற்கூட்டம் முந்துமாறு களம் அமைத்துக் கொடுப்பதே உழவனின் கடமை.

செய்முறை

முதலாவது, பயிரைத் தெரிந்து கொள்ளுதல். சர்க்கரை மிகுந்த பயிரே ஊறுவதற்கு ஏற்றது. மக்காச்சோளமும் தீவனச் சோளமும் இதில் முதன்மையானவை. மக்காச்சோளத்தை மணி பால் பிடித்து மாவாக முதிரும் பருவத்திலும், சோளத்தைப் பூக்கும் பருவத்திலும் அறுத்தல் வேண்டும். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் மிகுந்த விளைச்சல் தருவது. ஆயினும் அதில் நீர் மிகுதி, சர்க்கரை குறைவு. ஆதலால் அதனை அரை நாள் அளவு வாடவிட்டு, 100 கிலோவிற்கு 2 அல்லது 3 கிலோ கரும்பாலைக் கழிவுப்பாகு சேர்த்துக் கொள்ளுதல் நலம். காராமணி, வேலிமசால் போன்ற பயறு வகைத் தீவனங்களில் புரதம் மிகுதி. ஆனால் அவை எளிதில் புளிப்பதில்லை. அவற்றைத் தனியே இடாமல் மக்காச்சோளத்தோடு கலந்து இடுதல் வேண்டும்.

இரண்டாவது, ஈரத்தை அறிதல். நூறு பங்கில் 65 முதல் 70 பங்கு வரை நீர் இருத்தல் தக்க அளவு. இதனை அறியக் கருவி வேண்டுவதில்லை. நறுக்கிய புல்லில் ஒரு பிடியை எடுத்து இறுகப் பிழிந்து கையை விரித்துப் பாருங்கள். நீர் சொட்டினால் ஈரம் மிகுதி. உருண்டை உடனே உதிர்ந்தால் ஈரம் குறைவு. கை நனைந்து, உருண்டை மெல்ல விரிந்தால் தக்க பதம்.

மூன்றாவது, நறுக்குதல். 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளத் துண்டுகளாக நறுக்கினால் நன்கு அமுங்கும். நீளத் தட்டையாக இட்டால் தண்டின் உள்ளேயும் இடையேயும் காற்றுத் தங்கும்.

நான்காவது, அடைத்தல். குழி மேட்டு நிலத்தில் இருத்தல் வேண்டும். பொன்னேரி, பழவேற்காடு போன்ற கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீர் மேலே இருப்பதனால், குழி வெட்டுவதை விடத் தரைமேல் சுவர் எழுப்பி அடைத்தலே சிறந்தது. அடியிலும் பக்கத்திலும் பாலித்தீன் விரிப்பை இட்டு, ஓர் அடி உயரத்திற்குப் புல்லைப் பரப்பி, மிதித்து, மீண்டும் பரப்பி, மீண்டும் மிதித்து நிரப்புதல் வேண்டும். மேற்புறம் நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிந்திருந்தால் மழைநீர் தங்காது. விரிப்பால் மூடி, மண்ணோ மணல் மூட்டையோ பாரமாக வைத்துவிட வேண்டும். எல்லா வேலையையும் ஓரிரு நாளில் முடித்தல் இன்றியமையாதது. 45 நாள் கழிந்தபின் திறக்கலாம்.

ஒரு பசுவிற்கு எவ்வளவு வேண்டும்? நாளொன்றுக்கு 15 கிலோ எனக் கொண்டால், கோடையின் 90 நாளுக்கு 1,350 கிலோ ஆகும். நன்கு அழுத்திய ஒரு கன மீட்டரில் 500 முதல் 600 கிலோ வரை கொள்ளும். எனவே, 2 மீட்டர் நீளமும், 1 மீட்டர் அகலமும், ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ள குழி போதும் என்று கணக்கு விடை தருகிறது.

ஆனால், இங்கே ஒரு நுட்பம் உண்டு. திறந்த குழியின் முகத்திலிருந்து நாள்தோறும் குறைந்தது 15 சென்டிமீட்டர் ஆழத்திற்காவது எடுத்தால்தான், காற்றுப் பட்ட பகுதி கெடுமுன் தீரும். வெப்பம் மிகுந்த நம் நாட்டில் அதற்கு மேலும் எடுத்தல் நன்று. ஒரே பசு உண்ணும் 15 கிலோவை அக்குழியின் முகம் முழுவதிலிருந்தும் எடுத்தால் 2 சென்டிமீட்டர் ஆழம் கூட வாராது. ஆகவே குழி பாதியில் கெட்டுவிடும். ஒரு மாடு வைத்திருப்பவர்க்குப் பெருங்குழி பயன்படாது. 50 கிலோ கொள்ளும் கெட்டியான பாலித்தீன் பைகளே ஏற்றவை. ஒரு பை மூன்று நாளைக்குச் சற்று மிகுதியாகவே வரும். ஏனைய பைகள் மூடியபடி இருக்கும். 27 பைகள் ஒரு கோடைக்குப் போதும். அல்லது, அண்டை வீட்டார் பலர் கூடி ஒரே குழியை அமைத்துப் பகிர்ந்து கொள்ளலாம். அண்மைக் காலத்தில் மக்காச்சோள ஊறுகாய்ப்புல்லை எந்திரத்தால் இறுக்கி, உருளைக் கட்டுகளாக்கி விற்பாரும் உளர்.

உறையிடும் நுண்ணுயிர்

இப்போது, உறை நுண்ணுயிரைப் பற்றிக் காண்போம். இட்டிலி மாவிற்கு யாரும் உறை இடுவதில்லை. உளுந்திலும் அரிசியிலும் இயல்பாக உள்ள நுண்ணுயிர்களே அதனைப் புளிக்க வைக்கின்றன. காய்ச்சிய பாலுக்கோ உறை மோர் ஊற்றுகிறோம். காய்ச்சியதால் இயல்பான உயிர்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன ஆதலின். ஊறுகாய்ப்புல் இட்டிலி மாவைப் போன்றது. புல்லின்மேல் இயல்பாகவே பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஆனால், அவற்றுள் நல்லனவும் தீயனவும் கலந்திருக்கும்; நல்லவை எத்தனை என்பது நாளுக்கு நாள், வயலுக்கு வயல் வேறுபடும். ஓட்டப் பந்தயத்தில் நற்கூட்டத்திற்குத் துணைப்படை அனுப்புவது போல, தேர்ந்தெடுத்த பாக்டீரியாக்களை வளர்த்து, உலர்த்தித் தூளாக்கித் தருகின்றனர். அத்தூளே உறை நுண்ணுயிர் ஆகும்.

அதில் இருவகை உண்டு. முதல் வகையில் சிறந்தது லாக்டோபாசில்லஸ் பிளாண்டாரம் என்று நெடுங்காலம் வழங்கி வந்த பாக்டீரியா. இது சர்க்கரையின் ஒரு மூலக்கூற்றை இரண்டு லாக்டிக் அமில மூலக்கூறுகளாகப் பிளக்கும். எடையில் சிறிதும் வீணாவதில்லை. தேர்ந்தெடுக்கப்படாத வேறு சில பாக்டீரியாக்களோ, சர்க்கரையின் ஒரு பகுதியைக் கரியமில வாயுவாக வெளியே விட்டுவிடும். 180 கிராம் சர்க்கரையில் 44 கிராம் இவ்வாறு காற்றில் போய்விடும். எனவே, முதல் வகை உறை இட்டால் புளிப்பு விரைந்து உண்டாகும், இழப்புக் குறையும்.

ஆனால், இதிலும் ஒரு குறை இருக்கிறது. குழியைத் திறந்தவுடன் காற்றுப் புகுகிறது. ஈஸ்ட் என்னும் நொதிகளும் பூஞ்சணமும் விழித்தெழுந்து லாக்டிக் அமிலத்தை உண்ணத் தொடங்குகின்றன. புல் மீண்டும் சுடுகிறது. இதனைத் தடுக்க வல்லது இரண்டாம் வகை. லாக்டோபாசில்லஸ் புக்னெரி என்று பெயர் பெற்றிருந்த பாக்டீரியா அவ்வகையைச் சேர்ந்தது. அது லாக்டிக் அமிலத்தில் ஒரு பகுதியை மெல்ல மெல்ல அசெட்டிக் அமிலமாக மாற்றுகிறது. அசெட்டிக் அமிலம் என்பது காடியில் உள்ள அமிலமே. காடியில் இட்ட காய் பூஞ்சணம் பிடிக்காதிருத்தல் போல, அப்புல்லும் காற்றுப் பட்டபின் சில நாள் கெடாதிருக்கும். அம்மாற்றத்திற்குக் காலம் வேண்டும். எனவே 45 நாள் முதல் 60 நாள் வரையில் பொறுத்திருந்து திறத்தல் வேண்டும். வெப்ப நாட்டினராகிய நமக்கும், சிறிது சிறிதாக எடுத்துப் பயன்படுத்துவோர்க்கும் இவ்வகை மிகவும் உதவும்.

அளவு யாது? ஒரு கிராம் புல்லுக்கு ஓர் இலட்சம் உயிருள்ள பாக்டீரியாக்கள் சேருதல் வேண்டும் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. ஒரு டன்னுக்குக் கணக்கிட்டால் பத்தாயிரம் கோடி ஆகிறது! இத்துணைப் பெருங்கூட்டமும் சில கிராம் தூளில் அடங்கிவிடும். அத்தூள் உயிருள்ளது என்பதை மறத்தல் கூடாது. வெயில் காயும் தகரக் கொட்டகையில் வைத்தால் அது இறந்துவிடும். குளிர்ந்த, ஈரமற்ற இடத்தில் வைத்தல் வேண்டும். குளோரின் கலந்த குழாய்நீரில் கரைத்தாலும் இறந்துவிடும். தூய கிணற்று நீரே ஏற்றது. கரைத்ததை அன்றே புல்லெங்கும் ஒரு சீராகத் தெளித்துவிட வேண்டும்.

இனி, இரண்டு உழவர்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒருவர் விலையுயர்ந்த உறைத்தூளை வாங்கினார், தூளே எல்லாம் செய்யும் என்று நம்பிப் புல்லை நறுக்காமல் இட்டார், மிதிக்கவும் இல்லை, கிழிந்த விரிப்பால் மூடினார். மற்றொருவர் உறை வாங்கவில்லை. தக்க பருவத்தில் அறுத்த மக்காச்சோளத்தை நறுக்கி, வீட்டார் அனைவரும் கூடி மிதித்து, காற்றுப் புகாமல் மூடினார். எவர் குழியில் நல்ல தீவனம் கிடைக்கும்? ஐயமின்றி இரண்டாமவர் குழியிலேயாம். உறை நுண்ணுயிர் உழைப்பிற்குத் துணையேயன்றி உழைப்பிற்கு ஈடு அன்று. சர்க்கரை இல்லாத புல்லில் அது செய்வதற்கும் ஒன்றுமில்லை. பால் இல்லாத பாத்திரத்தில் எவ்வளவு உறை மோர் ஊற்றினாலும் தயிர் உண்டாகுமோ?

காவல்

நல்ல ஊறுகாய்ப்புல் மஞ்சள் கலந்த பச்சை நிறமாக இருக்கும், இனிய புளிமணம் வீசும், கையில் ஒட்டாது. கருநிறமும் நாற்றமும் உடையதையும், பூஞ்சணம் படர்ந்ததையும் தயங்காமல் எருக்குழியில் இட்டுவிட வேண்டும். பூஞ்சணம் சில வேளைகளில் நஞ்சை ஆக்குகிறது. பசு உண்ட அந்நஞ்சின் ஒரு பகுதி பாலிலும் கலக்கும். அப்பாலைப் பருகுவது நம் வீட்டுக் குழந்தையன்றோ? ஆகவே, ஒரு கூடைப் புல்லைக் காக்க எண்ணிக் குழந்தையின் நலத்தைப் பணயம் வைத்தல் தகாது.

மூடிய சில நாட்களில் குழியிலிருந்து கரியமில வாயுவும், சில வேளைகளில் பழுப்பு நிறமுள்ள நச்சு வாயுவும் எழும். ஆழ்ந்த குழிக்குள் உடனே இறங்குதல் உயிருக்கே கேடாகும். நன்கு திறந்து காற்றோட்டம் ஏற்பட்ட பின்னரே, துணைக்கு ஒருவரை மேலே நிறுத்திவிட்டு இறங்குதல் வேண்டும். சிறுவர் தனியே குழியின் அருகில் விளையாடுதலும் கூடாது.

புதிய உணவை மாட்டிற்குச் சிறிது சிறிதாகப் பழக்குதல் நலம். முதலில் நாளொன்றுக்கு 5 கிலோ தந்து, பின்னர் 15 முதல் 20 கிலோ வரை உயர்த்தலாம். பால் கறந்தபின் தருதல் வேண்டும். முன்னர்த் தந்தால் புளிமணம் பாலில் ஏறும். இளங்கன்றுகளுக்குத் தருதல் கூடாது. ஊறுகாய்ப்புல்லோடு சிறிது வைக்கோலும் சேர்த்துத் தருதல் செரிமானத்திற்கு நன்று.

இத்துறையில் ஐயம் தீர்க்கவல்ல நிறுவனங்கள் நம் நாட்டில் உள்ளன. 1903-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும், அதனைத் தன்னுள் கொண்டு 1989-ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் உழவர்க்கு அறிவுரை வழங்கி வருகின்றன. தீவனப் பயிர்களைப் பற்றி ஆராய்வதற்கென்றே 1962-ஆம் ஆண்டில் ஜான்சி நகரில் ஒரு நிறுவனம் நிறுவப்பட்டது. கோயம்புத்தூரில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகம் தீவனச் சோளத்திலும் கம்பு நேப்பியர் புல்லிலும் புதிய வகைகளை வெளியிட்டுள்ளது.

செய்து பார்த்தல்

மாணவர்களே, கேட்டறிந்ததைக் கண்டறிதலே அறிவியல். நீங்களே ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். நறுக்கிய மக்காச்சோளத் தட்டையை இரண்டு கெட்டியான பாலித்தீன் பைகளில் இடுங்கள். ஒன்றை நன்கு அழுத்திக் காற்றை வெளியேற்றி இறுகக் கட்டுங்கள். மற்றொன்றை அழுத்தாமல் காற்றோடு தளரக் கட்டுங்கள். இரண்டையும் ஒரே நிழலில் வைத்து, 45 நாள் கழித்து ஆசிரியர் முன்னிலையில் திறந்து, நிறத்தையும் மணத்தையும் ஒப்பிட்டு எழுதுங்கள். ஒரே வயல், ஒரே பயிர், ஒரே நாள். வேறுபாடு காற்று ஒன்றே. அக்காற்றைத் தடுத்தவன் உழைப்புக்குப் பயன் பெறுகிறான். தடுக்காதவன் இழக்கிறான் என்பதை உங்கள் மூக்கே உங்களுக்கு உணர்த்தும்.

மேய்க்கால் நிலம் மீண்டும் விரியும் என்று காத்திருக்கும் நிலையில் இன்று சிறு குடும்பங்கள் இல்லை. ஆயினும், மழைக்காலத்தில் வீணாகும் புல்லும் தீவனப் பயிரும் அவர்கள் கைக்கு எட்டும் பொருளே. அறிவும் ஒற்றுமையும் சேர்ந்தால் அப்பொருள் கோடையில் பாலாகும். கார்காலத்தில் ஒரு வீட்டார் ஒரு நாள் மிதித்து மூடும் புல், வைகாசி வெயிலில் அவ்வீட்டுப் பசுவின் முன் பசுமையாக நிற்கும். அதன் பயன் விடியற்காலையில் கறவைச் செம்பில் தெரியும்.